எகிப்து செல்லும் அன்பர்களுக்கு

காரக்கோணம் என்பது திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கெல்லையில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் அருகில் உள்ள சிற்றூர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகையால் எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டில் தமிழும் மலையாளமும் வழங்குவது இயல்பு. எங்கள் நிலத்தில் இரப்பரும் மரச்சீனியும் நல்லமிளகும் விளைகின்றன. அவற்றைவிட மிகுதியாக வெளிநாடு செல்லும் பிள்ளைகள் விளைகிறார்கள். நானும் அவ்விளைச்சலில் ஒருவன். வளைகுடா நாடொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றி வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை எகிப்து நாட்டிற்கு அழைத்துச் சென்றேன். அச்செய்தி பரவியதிலிருந்து, விடுப்பில் ஊருக்குச் செல்லும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் வந்து, "எகிப்துக்கு எத்தனை நாள் போதும்? அதற்குள் எத்தனை இடம் பார்க்கலாம்?" என்று கேட்பதுண்டு. நான் மறுமொழியாக ஒரு கேள்வி கேட்பேன்: "உங்களோடு வருகிறவர்களில் மிகவும் மெல்ல நடப்பவர் யார்?" கேட்டவர் திகைப்பார். நான் அவ்வாறு கேட்பதன் காரணத்தையும், அந்நாட்டிற்குச் செல்வோர் அறிந்திருக்கவேண்டிய சில செய்திகளையும் இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

நாட்டின் இயல்பு

எகிப்தின் பரப்பு ஏறத்தாழ 10 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதில் மக்கள் நெருங்கி வாழும் பகுதி, நைல் ஆற்றின் இருகரையும் அதன் கழிமுகமுமாகிய மெல்லிய பச்சை நாடா மட்டுமே. 10 கோடிக்கு மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் அந்த நாடாவுக்குள் அடங்கிவிடுகிறார்கள். எஞ்சிய நிலம் மணலும் பாறையும். எங்கள் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கெய்ரோவில் அது 30 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. தெற்கே அஸ்வான் நகரில் மழையே பெய்யாத ஆண்டுகள் உண்டு.

இதை நூலிற் படிப்பது வேறு, உடம்பால் அறிவது வேறு. நம் நாட்டில் வெயிலில் நடந்தால் சட்டை நனைகிறது, வியர்க்கிறது என்று தெரிகிறது, தண்ணீர் குடிக்கிறோம். பாலைநிலத்தின் வறண்ட காற்றிலோ வியர்வை தோன்றும்போதே உலர்ந்துவிடுகிறது. சட்டை நனைவதில்லை. உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டிருப்பது தெரிவதும் இல்லை. "இங்கே நம் ஊரைப்போலப் புழுக்கமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்று மகிழ்ந்துகொண்டே நடப்பவர் சற்று நேரத்தில் மயங்கி விழக்கூடும். பாலையை அறியாத நம்மவர்க்கு அதன் முதல் வஞ்சகம் இதுவே.

எந்தக் காலத்திற் செல்வது?

நவம்பர் முதல் பிப்ரவரி முடிய உள்ள காலமே முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. அக்டோபரும் மார்ச்சும் உடல்வலிமை உடையவர்க்குப் பொருந்தும். கோடையில் லக்சரிலும் அஸ்வானிலும் வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடப்பது அன்றாட நிகழ்ச்சி. மார்ச்சு முதல் மே வரையில் 'கம்சீன்' என்னும் வெப்பக் காற்று சில நாட்களில் மணலை வாரிக்கொண்டு வரும். அச்சொல்லுக்கு அரபு மொழியில் ஐம்பது என்று பொருள். ஏறத்தாழ ஐம்பது நாட் பருவத்தில் விட்டுவிட்டு வீசுவதால் இப்பெயர் வந்தது என்பர். மூச்சிளைப்பு நோய் உள்ளவர்கள் இக்காலத்தை அறவே தவிர்ப்பது நலம்.

குளிர்காலத்திற் செல்வோர் கம்பளிச் சட்டை ஒன்று கொண்டுபோக மறக்கலாகாது. பாலையில் பகற்சூடு இரவில் நிலைப்பதில்லை. சனவரி மாதத்து விடியற்காலையில் நம் தென்கேரளத்து உடம்பு நன்றாக நடுங்கும்.

நோன்பு மாதத்தில் பல இடங்கள் முன்னதாகவே மூடப்படும். அதுவும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து வருவதால், நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு பயணத்தை அமைப்பது நன்று.

புறப்படுமுன்

திருவனந்தபுரத்திலிருந்து கெய்ரோ செல்வோர் பொதுவாக வளைகுடா நகர் ஒன்றில் விமானம் மாறவேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்க்கு விசா தேவை. அதற்குரிய விதிகள் அடிக்கடி மாறுகின்றன. வளைகுடாவில் வசிப்போர்க்கு ஒருவகை, ஊரிலிருந்து வரும் பெற்றோர்க்கு மற்றொருவகை என்று அமைவதும் உண்டு. ஆகவே சென்ற ஆண்டு போய்வந்த நண்பர் சொன்னதை நம்பாமல், புதுதில்லியிலுள்ள எகிப்தியத் தூதரகத்திடமோ மும்பைத் துணைத்தூதரகத்திடமோ நேரே கேட்டறிவதே முறை.

மருந்து விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நம் ஊரில் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் எழுதித் தரப்படும் மாத்திரைகள் சிலவற்றில் டிரமடால் என்னும் மருந்து கலந்துள்ளது. எகிப்தில் அது கடுங்கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. 2017-ஆம் ஆண்டில் அம்மாத்திரைகளைக் கொண்டுசென்ற வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் கைதாகிச் சிறைத்தண்டனை பெற்றார். முதியோர் உட்கொள்ளும் ஒவ்வொரு மாத்திரையின் உள்மருந்துப் பெயரையும் மருத்துவரிடம் கேட்டு, அவர் கையெழுத்திட்ட சீட்டுடன், மருந்தின் சொந்த உறையிலேயே எடுத்துச் செல்லவேண்டும். ஐயமுள்ள மருந்தை மாற்றித் தரும்படி முன்னரே கேட்டுக்கொள்ளலாம்.

சமையற் பொருள்களிலும் ஒன்று கவனிக்கத்தக்கது. குழம்புக்கென்று நம் தாய்மார் பொட்டலத்தில் மடித்துத் தரும் கசகசா, வழியில் இறங்கும் வளைகுடா நாடுகள் சிலவற்றில் தடைசெய்யப்பட்ட பொருள். ஒரு கைப்பிடிக் கசகசாவினால் விமான நிலையத்தில் இடர்ப்பட்டவர்கள் உண்டு. பெட்டியைக் கட்டியவர் தாயாரே ஆயினும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது பிழையாகாது.

பயணக் காப்பீடு எடுக்காமல் முதியோரை அழைத்துச் செல்லவேண்டா. அதன் அருமை எனக்கு எவ்வாறு தெரிந்தது என்பதை இனிச் சொல்கிறேன்.

நான் செய்த பிழை

என் தாயார்க்கு அப்போது அகவை 68. பயணம் பற்றிச் சொன்னபோது, "எனக்கு அந்த நைல் ஆற்றை ஒருதரம் பார்த்தாப் போதும் மக்கா. சின்ன வயசிலே பாடப் புத்தகத்திலே படிச்சது" என்றார். எனக்கோ அது போதவில்லை. பல ஆண்டுகள் ஊரில் இல்லாத மகனுக்கு ஒரு கடன்சுமை உண்டு. தந்தையார் நோயுற்றபோது அருகில் இல்லை. வீட்டு விசேடங்கள் பலவற்றில் இல்லை. அத்தனைக்கும் ஈடாக, எட்டு நாட்களில் எகிப்து முழுவதையும் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். அலுவலகம் விடுப்பு தந்தது ஏப்ரல் மாதத்தில். ஆகவே ஏப்ரலிலேயே புறப்பட்டோம். ஒவ்வொரு நாளுக்கும் மணிவாரியாகப் பட்டியல் வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் லக்சர் நகரின் மேற்குக்கரைக்குச் சென்றோம். அரசி ஹத்செப்சுத்தின் கோயிலைப் பார்த்துவிட்டு அரசர் பள்ளத்தாக்கை அடைந்தபோது காலை மணி பதினொன்றைக் கடந்துவிட்டது. நாற்புறமும் வெண்பாறை; மேலே வெயில், கீழே அதன் எதிரொளி. அங்கே அறுபதுக்கு மேற்பட்ட கல்லறைகள் கண்டறியப்பட்டுள்ளன. நுழைவுச்சீட்டு ஒன்றுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். மூன்றையும் பார்த்தே தீர்வது என் எண்ணம்.

இரண்டாம் கல்லறையின் சாய்வுப் பாதையில் ஏறி வெளியே வந்ததும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணுமில்லே மக்கா, கொஞ்சம் இருந்தாச் சரியாயிடும்" என்றார். பிறகு என்னை என் தம்பியின் பெயர் சொல்லி அழைத்தார். அப்போதுதான் எனக்கு அச்சம் பிறந்தது.

நீண்ட அங்கி அணிந்த முதிய காவலர் ஒருவர் ஓடிவந்தார். அம்மாவை நிழலுக்கு மாற்றி, துணியை நனைத்துக் கழுத்திலும் கையிடுக்கிலும் வைத்து, சர்க்கரை கரைத்த தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினார். "ஷுவய்யா, ஷுவய்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெல்ல, மெல்ல என்பது அதன் பொருள். பிறகு என் பக்கம் திரும்பி, "காலையிலிருந்து இவர் என்ன குடித்தார்?" என்று அரபு மொழியில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "உன் தாய்க்குத் தண்ணீரைக் காட்டாமல் கல்லறையைக் காட்டுகிறாயா?" என்றார். வேலைத்தலத்தில் கற்ற அரபு மொழி அன்றைக்கு அவ்வளவு தெளிவாக விளங்கியிருக்க வேண்டா என்று தோன்றியது.

அம்மா காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை. என் பையில் இரண்டு புட்டித் தண்ணீர் இருந்தது, அவர் கேட்கவில்லை. வழியில் கழிப்பிடம் எங்கே இருக்குமோ, மகனிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சத்தால், நான்கு நாட்களாகவே வெளியே கிளம்பும் நாளெல்லாம் தண்ணீரைக் குறைத்து வந்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவரின் செவிலிப் பெண்ணிடம் சைகையாலே சொல்லியிருக்கிறார். உடலில் நீர் ஏற்றப்பட்டது. இரண்டு நாள் வெளியே செல்லலாகாது என்று மருத்துவர் கட்டளையிட்டார்.

அஸ்வானும் அபு சிம்பலும் பட்டியலிலிருந்து நீங்கின. கட்டிய பணத்தில் ஒரு பகுதி போயிற்று. ஆனால் எங்கள் விடுதி நைல் ஆற்றங்கரையில் இருந்தது. இரண்டு நாளும் மாலையில் அம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார். வேறு வேலை ஒன்றும் இல்லாததால் நானும் பக்கத்தில் அமர்ந்திருந்தேன்.

தண்ணீரும் வெயிலும்

ஆகையால் என் முதல் அறிவுரை, ஓரிடத்தை அடைந்தவுடன் நுழைவுச்சீட்டுக்கு முன்னே கழிப்பிடத்தைத் தேடுங்கள் என்பதே. 'ஹம்மாம்' என்று கேட்டால் காட்டுவார்கள். அங்குள்ள பணியாளுக்குக் கொடுக்கச் சில்லறையும், கைவசம் காகிதத் துண்டுகளும் வேண்டும். இடம் இருக்கிறது என்று கண்ணால் கண்டபின்தான் நம் தாய்மார் மனம்விட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திராமல், அரைமணிக்கு ஒருமுறை புட்டியைக் கையிலே கொடுத்துவிடவேண்டும். குடிநீர் அடைத்த புட்டியிலிருந்தே இருக்கட்டும். வாங்கும்போது மூடியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச்சர்க்கரைப் பொட்டலங்கள் பத்தாவது உடன் இருக்கட்டும். அது கிடைக்காதபோது ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். இதயநோய், சிறுநீரக நோய் உடையவரும், நீர் பிரிக்கும் மாத்திரை உண்பவரும் எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு புறப்படவேண்டும்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, மஞ்சள் கடுத்த சிறுநீர் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். பேச்சுத் தடுமாறினாலோ, ஆளை மாற்றி அழைத்தாலோ, உடல் நெருப்பாய்க் கொதித்தாலோ அது உயிருக்கே ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று உடலை நனைத்து விசிறவேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது. மருத்துவ ஊர்தியை அழைக்கும் எண் 123. சுற்றுலாக் காவலரின் எண் 126. இவ்விரண்டையும் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள்.

உடை தளர்ந்த பருத்தியாய், கைகால்களை மூடுவதாய் இருத்தல் நலம். இது வெயிலுக்கும் ஏற்றது, அந்நாட்டு மரியாதைக்கும் ஏற்றது. எங்கள் ஊரில் துவர்த்து என்று சொல்லும் மெல்லிய துண்டு ஒன்று பாலையில் ஆயிரம் உதவி செய்யும். தலைக்குக் கட்டலாம், மணற்காற்றில் மூக்கை மூடலாம், நனைத்துக் கழுத்திற் போடலாம். அரசர் பள்ளத்தாக்கு காலை ஆறு மணிக்கே திறக்கிறது. முதியோருடன் செல்வோர் அந்நேரத்திற் சென்று, பத்து மணிக்குள் திரும்பிவிடுவதே அறிவுடைமை.

பணமும் இனாமும்

எகிப்தியப் பவுனின் மதிப்பு பெரிதும் மாறிவந்துள்ளது. 2024 மார்ச்சு மாதத்தில் டாலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 31 பவுனாக இருந்தது, ஒரே நாளில் 50 பவுனை நெருங்கிற்று. ஆகவே பழைய நூல்களில் உள்ள விலைகளை நம்பிக் கணக்குப் போடவேண்டா. பெரிய காட்சியிடங்கள் பலவற்றில் நுழைவுக் கட்டணத்தை வங்கி அட்டையாலேயே செலுத்தவேண்டும். ஆயினும் சில்லறை நோட்டுகள் கையில் இல்லாமல் அந்நாட்டில் அரைநாளும் ஓட்ட இயலாது.

காரணம், 'பக்சீஷ்' என்னும் இனாம். சொல் நமக்குப் புதிதன்று. 'பக்சீசு' என்று நம் முன்னோரும் வழங்கியதே. பெட்டி தூக்கியவர், வாயில் திறந்தவர், விளக்கைக் காட்டியவர் யாவரும் எதிர்பார்ப்பர். குறைந்த ஊதியம் பெறுவோர்க்கு அது வருவாயின் ஒரு பகுதி என்பதை நினைத்து, நியாயமான இடத்தில் சினமின்றிக் கொடுக்கலாம். கேட்காத உதவியை வலிந்து செய்ய வருவோரிடம் "லா, சுக்ரன்" என்று புன்னகையுடன் சொல்லி நடையைத் தொடருங்கள். வேண்டா, நன்றி என்பது அதன் பொருள். பிரமிடுகளின் அருகே ஒட்டகம் ஏறுவோர், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்து விலை பேசிக்கொள்வது நல்லது. ஏறும் கூலி வேறு, இறக்கிவிடும் கூலி வேறு என்பதை ஒட்டகத்தின் மேலிருந்து கேட்பவர்க்குப் பேரம் பேசும் வலிமை இராது.

விலைச்சீட்டுகளில் அவர்கள் எழுதும் இலக்க வடிவங்கள் வேறு. அங்கே ஐந்து என்பது நம் சுழியம் போன்ற வட்டமாகவும், சுழியம் என்பது வெறும் புள்ளியாகவும் இருக்கும். வளைகுடாவில் வாழ்வோர்க்கு இது தெரியும். ஊரிலிருந்து வரும் பெற்றோர்க்குப் பத்து இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதிக் கற்பித்துவிட்டால், அவர்கள் கடைத்தெருவில் நம்மை எதிர்பாராமல் நிமிர்ந்து நிற்பார்கள்.

உணவு

நம்மவர் அஞ்சவேண்டியதில்லை. சோறும் பருப்பும் மாக்கரோனியும் கலந்து மேலே பொரித்த வெங்காயம் தூவிய 'குஷரி' மரக்கறி உண்பவர்க்கும் ஏற்றது. மொச்சையினத்துப் பயற்றை நெடுநேரம் வேகவைத்த 'ஃபூல்' காலையுணவு. கோதுமை ரொட்டியை 'ஐஷ்' என்கிறார்கள். அச்சொல்லுக்கு உயிர்வாழ்வு என்றும் பொருள். சோற்றையே வாழ்வாகக் கருதும் நமக்கு அது விளங்காததன்று. வெட்டிவைத்த பழமும் பச்சைக் காய்க்கூட்டும் தெருக்கடைப் பனிக்கட்டியும் வேண்டா. தோலுரித்து உண்ணும் பழம் நன்று.

எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம் என்பதே என் கணக்கு. முற்பகலில் அது, பிற்பகலில் ஓய்வு, மாலையில் ஆற்றங்கரை. கீசாவின் பெரிய பிரமிடு சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் கூபு மன்னனுக்காகக் கட்டப்பட்டது. தொடக்கத்தில் அதன் உயரம் 146 மீட்டர். உள்ளே செல்லும் வழி தாழ்ந்தும் செங்குத்தாகவும் காற்றோட்டம் குறைந்தும் இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் வெளியே நின்று வியப்பதே போதும். அதன் அருகில் எழுந்துள்ள எகிப்தியப் பேரருங்காட்சியகம் 2025 நவம்பர் 1-ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்டது. 1922-இல் கண்டெடுக்கப்பட்ட துட்டன்காமுன் கல்லறைப் பொருள்கள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை அங்கே ஒருசேர வைக்கப்பட்டுள்ளன. குளிர்ந்த கட்டடமாதலால் முதியோருக்கு உகந்தது. எனினும் மிகப் பெரியது; ஒரே நாளில் முடிக்க முயலவேண்டா.

கெய்ரோவில் ஃபுஸ்தாத்து பகுதியிலுள்ள எகிப்திய நாகரிக அருங்காட்சியகத்தில் 2021 ஏப்ரல் 3-ஆம் நாள் கொண்டுவந்து வைக்கப்பட்ட 22 அரச உடல்கள் உள்ளன. அவர்களுள் கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் இராம்சேசும் ஒருவர். அவர் மூக்கினுள் மிளகு மணிகள் வைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர் கண்டனர். இதை அம்மாவிடம் சொன்னேன். சளி பிடித்தால் உதவும் என்று வீட்டு நல்லமிளகை அவர் ஒரு சிறு பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தார். பெட்டகத்தில் கிடக்கும் மன்னரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பவே நம்ம மிளகு இங்கே வந்திருக்கே! நாம இப்பத்தான் வர்றோம்" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை மிகுதி. செங்கடற்கரையில் பெரனிகே என்னும் பழந்துறைமுகத்தில் 1999-இல் இந்தியச் சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏழரைக் கிலோ அளவில் மிளகு இருந்தது, காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. குசைர் அல்-கதீம் என்ற மற்றொரு துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றைப் 'பானை ஒறி' என்று ஐராவதம் மகாதேவன் படித்தார். பானையைத் தொங்கவிடும் உறியே அது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் விழிஞம், ஆய் மன்னர் காலத்துத் துறைமுகம். அங்கே 2025 மே 2-ஆம் நாள் புதிய துறைமுகம் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. கடல்கடந்து பிழைக்கச் சென்றவர்களில் நாம் முதல் தலைமுறை அல்லோம் என்பதை அந்தப் பாலைமணல் நமக்குச் சொல்கிறது.

அபு சிம்பல் கோயிலை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்காதபடி 1964 முதல் 1968 வரை அதைத் துண்டுதுண்டாக அறுத்து, ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் அமைத்தார்கள். அஸ்வானிலிருந்து தரைவழியாக ஒருவழிக்கே 280 கிலோமீட்டருக்கு மேல், வழியெல்லாம் பாலை. விடியுமுன் புறப்பட்டு அன்றே திரும்புவது இளைஞர்க்கு ஏற்கும். முதியோருடன் செல்வோர் அங்கே ஓரிரவு தங்குவது, அல்லது அதை விட்டுவிடுவது என இரண்டில் ஒன்றைத் துணிவது நலம்.

மலையேற விரும்புவோர்க்கு

திருத்தலப் பயணமாகச் செல்லும் நம் பகுதியார் பலர் சினாய் மலையில் ஏற விரும்புகிறார்கள். அதன் உயரம் 2,285 மீட்டர். கதிரவன் எழுவதைக் காண நள்ளிரவுக்குப்பின் ஏறத் தொடங்குவது வழக்கம். ஒட்டகம் பாதித் தொலைவுக்கு மேல் ஏற்றிச்செல்லும். கடைசி 750 படிகளைக் காலாலேயே கடக்கவேண்டும். குளிர்காலத்தில் உச்சியில் நீர் உறையும். சினாய்ப் பகுதிக்குச் செல்லுமுன் இந்திய அரசின் பயண அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இங்கே எங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியின் பெயருக்கு உரியவரை நினைவூட்டுகிறேன். மருத்துவர் சாமர்வெல் நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் தொண்டு செய்தவர். 1922-லும் 1924-லும் எவரெஸ்டு ஏறச் சென்றவர். 1924-இல் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில், தொண்டை அடைத்து மூச்சுத் திணறியபோது, தோழரை மேலே செல்லவிட்டுத் தாம் நின்றுகொண்டார். சிகரம் கிட்டவில்லை. உயிரோடு திரும்பியதால் தென்திருவிதாங்கூரின் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு அவர் கை கிட்டியது. மலையடிவாரத்தில் ஆறாம் நூற்றாண்டில் எழுந்த புனித கத்தரீன் மடத்தோடு திரும்பிவிடும் முதியவரை, "இவ்வளவு தூரம் வந்து ஏறாமல் போகிறீர்களே" என்று யாரும் கேலி செய்யவேண்டா.

பழக்க வழக்கங்கள்

மக்களைப் படம் எடுக்குமுன் இசைவு கேளுங்கள். படைத்துறை இடங்கள், காவற்சாவடிகள் ஆகியவற்றைப் படமெடுக்கவே கூடாது. ஆளில்லாப் பறக்கும் படக்கருவியை அந்நாட்டிற்குள் கொண்டுசெல்ல எண்ணவேண்டா. பள்ளிவாசலுக்குள் செல்லும்போது காலணி கழற்றுவதும், பெண்கள் தலையை மூடுவதும் முறை. தெருவில் "பழைய சிலை" என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். போலியாயின் பணம் நட்டம். உண்மையாயின் 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் எண் தொல்பொருட் சட்டப்படி குற்றம். கல்லறை ஓவியங்களைத் தொடுவதும் ஆகாது. மூவாயிரம் ஆண்டு நின்ற வண்ணம் நம் விரல் வியர்வையால் அழியும்.

இந்தியர் என்றால் முகம் மலர்பவர்கள் பலர். "அமிதாப் பச்சன்!" என்று தெருவிலே கூவி அழைப்பதும் உண்டு. ஆற்றுநீர் பற்றிய பேச்சில் மட்டும் சற்று அடக்கமாயிருங்கள். நைலின் மேற்பகுதியில் எத்தியோப்பியா கட்டிய பேரணை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஒரே ஆற்றை நம்பி அண்டை நாடுகள் வாழும் இடத்தில் விருந்தினர் தீர்ப்புச் சொல்வது அழகன்று. எல்லையோர ஊரினராகிய எங்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

முடிவாக

வெளிநாட்டில் உழைக்கும் நாம் எதையும் விடுப்பு நாட்களால் பெருக்கிப் பார்க்கப் பழகிவிட்டோம். பெற்றோரை அருகிருந்து பேணாத ஆண்டுகளுக்கு ஈடாகப் பத்து நாளில் பத்து நகரம் காட்ட விரும்புகிறோம். அவர்களோ நம்மை வருத்தலாகாது என்று தாகத்தையும் களைப்பையும் மறைத்துக்கொண்டு நம் பின்னே நடக்கிறார்கள். பாலைநிலம் இவ்விரு தவறுகளையும் பொறுப்பதில்லை. ஆகவே பயணத்தின் வேகத்தை முடிவு செய்யும் உரிமையை, மெல்ல நடப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பிற ஏற்பாடுகள் தாமே ஒழுங்குபடும்.

சென்ற விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காள் அம்மாவிடம், "எகிப்திலே என்னதான் பார்த்தீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிரமிடைச் சொல்வார், மன்னர் உடலைச் சொல்வார் என்று உள்ளேயிருந்து கேட்டேன். அம்மா, "மழையே இல்லாத ஊரிலே அவ்வளவு பெரிய ஆறு. ரெண்டு நாள் அதன் கரையிலே இருந்தேன். இவனும் எங்கேயும் போகாமே என் பக்கத்திலேயே இருந்தான்" என்றார்.

எகிப்து செல்லும் அன்பர்கள் நலமே சென்று நலமே மீள்க.